பழுது போர்டிலா, சென்சாரிலா? பனிக்கட்டி நீர் சொன்ன விடை

கடந்த கோடை விடுமுறையில் ஒருநாள் காலை, அம்மாவுக்குப் போடும் இன்சுலினைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தேன். மருந்து உறைந்திருந்தது. ஒருமுறை உறைந்த இன்சுலினை, உருகிய பிறகும் பயன்படுத்தக் கூடாது. அதை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும்.

பழுதுபார்க்க வந்தவர், "போர்டு போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்றார். "அதுக்கு முன்னாடி சென்சாரை அளந்து பார்த்துடலாமா தம்பி?" என்று கேட்டேன்.

இத்தகைய பெட்டிகளில் வெப்பநிலையை உணர்வது தெர்மிஸ்டர் என்னும் சிறிய குறைக்கடத்திப் பொருள். உலோகக் கம்பியைச் சூடாக்கினால் மின்தடை கூடும்; இதிலோ குறையும். எங்கள் பெட்டியில் இருந்தது 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும் வகை. 0 டிகிரியில் அது ஏறத்தாழ 30 கிலோ ஓம் காட்ட வேண்டும்.

அவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு சென்சாரைக் கழற்றினார். இணைப்பில் துருவோ தளர்வோ இல்லை. நொறுக்கிய பனிக்கட்டியும் சிறிது நீரும் கலந்த டம்ளரில் சென்சாரின் முனையை வைத்து, கலக்கியபடி பத்து நிமிடம் காத்திருந்தோம். மல்டிமீட்டர் காட்டியது 12 கிலோ ஓம்!

உள்ளே ஈரம் புகுந்தால் மின்னோட்டத்துக்கு இன்னொரு வழி கிடைக்கும், மின்தடை குறையும். போர்டுக்கு 12 கிலோ ஓம் என்றால் ஏறக்குறைய 20 டிகிரி. 'இன்னும் குளிரவில்லை' என்று கருதி அது கம்ப்ரசரை ஓட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. போர்டின் மீது குற்றமில்லை. அதற்குக் கிடைத்த தகவல்தான் தவறு. சென்சாரை மட்டும் மாற்றினோம். மறுநாள் நடுத்தட்டில் வைத்த டம்ளர் நீரில் வெப்பநிலைமானி 5 டிகிரி காட்டியது. அதன் பிறகே புதிய இன்சுலினை உள்ளே வைத்தோம்.

பள்ளி திறந்ததும் பத்தாம் வகுப்பில் இதையே செயல்பாடாக்கினேன். மின்னணுப் பொருள் கடைகளில் 10 கிலோ ஓம் தெர்மிஸ்டர் குறைந்த விலையில் கிடைக்கிறது. முனைகள் நனையாமல் பாலித்தீன் உறையில் இட்டு, பனிக்கட்டி நீர், அறை வெப்பநிலை நீர், வெதுவெதுப்பான நீர் மூன்றிலும் மாணவர்கள் அளந்து வரைபடம் வரைந்தனர். கோடு நேராக வராமல் வளைந்து இறங்குவதை அவர்களே கண்டுபிடித்தனர்.

ஒரு குழு, "ஐயா, எங்க சென்சார் கெட்டுப்போச்சு" என்றது. மல்டிமீட்டரை 20 கிலோ ஓம் அளவீட்டில் வைத்திருந்தார்கள். 30 கிலோ ஓம் அதில் அடங்காது. 200க்கு மாற்றியதும் சரியான அளவு வந்தது. அளக்கும் கருவியையும் சரிபார்க்க வேண்டும் என்பதை அன்று அவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

ஒரு எச்சரிக்கை: வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்ப்பது மாணவர் வேலையன்று. வகுப்பில் தனித் தெர்மிஸ்டரும் மல்டிமீட்டரின் மின்கலமும் போதும்.