ஒரு துண்டுக் கயிறு எவ்வளவு நீளம்?

"ஒரு துண்டுக் கயிறு எவ்வளவு நீளம்?" என்பது பிரித்தானியா, ஆசுத்திரேலியா உள்ளிட்ட ஆங்கிலம் பேசும் நாடுகளில் வழங்கும் ஒரு மரபு வினா ஆகும். இது விடை வேண்டிக் கேட்கப்படுவதில்லை. முன்னர் கேட்கப்பட்ட வேறொரு கேள்விக்குத் திட்டமான விடை கூற இயலாது என்பதை உணர்த்தவே கேட்கப்படுகிறது. ஆயினும் இதற்கு வேடிக்கையான விடைகள் பல உண்டு.

பயன்பாடு

வீடு கட்ட எவ்வளவு செலவாகும் என்று ஒருவர் கொத்தனாரிடம் கேட்பதாகக் கொள்வோம். எத்தனை அறைகள், எந்த ஊர், எத்தனை மாடி என எதையும் அவர் சொல்லவில்லை. அப்போது கொத்தனார் இந்தக் கயிற்று வினாவையே மறுமொழியாகத் தருவார். "இன்னும் விவரம் சொன்னால்தான் கணக்குச் சொல்ல முடியும்" என்பது இதன் உட்பொருள். நண்பர்களிடையே இது சிரிப்பை வரவழைக்கும். நோய் எப்போது குணமாகும் என்று கவலையோடு கேட்பவரிடம் சொன்னாலோ அலட்சியமாகப் படும்.

வேடிக்கை விடைகள்

பரவலாக அறியப்பட்ட விடைகள் சில:

- நடுவிலிருந்து ஒரு முனை வரை உள்ள தொலைவைப் போல் இரு மடங்கு.
- ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை.
- எவ்வளவு நீளத்தில் வெட்டினார்களோ அவ்வளவு.

இவை எல்லாம் உண்மையே. ஆனால் கேட்டவருக்குப் புதிதாக எதையும் சொல்வதில்லை. நகைச்சுவை அங்கேதான் பிறக்கிறது.

இத்தகைய விடைகள் பழமையானவை. 1511 இல் இலண்டனில் வின்கின் டி வோர்டு என்பவர் அச்சிட்ட விடுகதைத் தொகுப்பு ஒன்றில், வானத்தை எட்ட எத்தனை கன்றுக்குட்டி வால்கள் வேண்டும் என்ற புதிர் உள்ளது. போதிய நீளம் இருந்தால் ஒன்றே போதும் என்பது விடை. மனிதனின் கால்கள் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு, தரையை எட்டும் அளவுக்கு என்று ஆபிரகாம் இலிங்கன் கூறியதாகவும் ஒரு கதை வழங்குகிறது. அவர் 6 அடி 4 அங்குல உயரம் உடையவர்.

கணித நோக்கில்

கயிற்றின் நீளத்தை x எனக் கொண்டால், முதல் விடை x = 2 × (x/2) என்பதாகும். இது x இன் எல்லா மதிப்புகளுக்கும் பொருந்தும் முற்றொருமை. ஆகவே இதிலிருந்து x ஐக் கண்டுபிடிக்க முடியாது.

"கயிற்றின் நீளம் 1 மீட்டரும் அதில் பாதியும் சேர்ந்தது" என்றால் நிலைமை வேறு. x = 1 + (x/2) என்பது ஒரே ஒரு தீர்வு கொண்ட சமன்பாடு; நீளம் 2 மீட்டர். இரு கூற்றுகளும் கேட்பதற்கு ஒன்றுபோல் இருந்தாலும், இரண்டாவதில் "1 மீட்டர்" என்ற ஒரு செய்தி கூடுதலாக உள்ளது. மாணவர்களுக்கு முற்றொருமைக்கும் சமன்பாட்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க இவ்விரண்டும் நல்ல எடுத்துக்காட்டுகள்.

அளப்பதில் உள்ள சிக்கல்

கயிறு கையில் இருந்தாலும் கேள்வி முழுதும் தீர்வதில்லை. இழுத்துப் பிடித்தால் கயிறு நீளும். முனையில் பிரிந்த இழைகளைச் சேர்ப்பதா விடுவதா என்ற ஐயமும் எழும்.

இச்சிக்கல் நாட்டு எல்லைகளில் பெரிதாகத் தெரிகிறது. அண்டை நாடுகளிடையே போர் மூள்வதற்கும் அவற்றின் பொது எல்லையின் நீளத்துக்கும் தொடர்பு உண்டா என ஆராய்ந்தவர் ஆங்கிலேய அறிவியலாளர் லூயிசு பிரை ரிச்சர்ட்சன். எசுப்பானியாவுக்கும் போர்த்துகலுக்கும் இடைப்பட்ட எல்லை ஓரிடத்தில் 987 கிலோமீட்டர் என்றும் மற்றோரிடத்தில் 1,214 கிலோமீட்டர் என்றும் குறிக்கப்பட்டிருப்பதை அவர் கண்டார். அளக்கும் கோல் சிறிதாகச் சிறிதாக, சிறு வளைவுகளும் கணக்கில் சேர்ந்து நீளம் கூடிக்கொண்டே போகும். இதனை அடிப்படையாகக் கொண்டு, பிரித்தானியக் கடற்கரையின் நீளம் எவ்வளவு என்ற தலைப்பில் பெனுவா மாண்டல்பிராட் 1967 இல் 'சயன்சு' இதழில் கட்டுரை எழுதினார். பகுவல் வடிவியலின் வளர்ச்சியில் இக்கட்டுரைக்கு முக்கிய இடம் உண்டு.

2009 இல் பிபிசி தொலைக்காட்சியின் 'ஹொரைசன்' தொடரில் கயிற்று வினாவையே தலைப்பாகக் கொண்ட நிகழ்ச்சி ஒளிபரப்பானது. அதில் நகைச்சுவை நடிகர் ஆலன் டேவிசு, கணிதவியலாளர் மார்கசு டு சோட்டோய் முதலியோரின் உதவியுடன் ஒரு கயிற்றின் நீளத்தை அறிய முயன்றார்.