கால் நொடி போதும்... கூட்டத்தில் அம்மாவைக் கண்டுபிடிக்கும் பென்குயின் குஞ்சு!

தெரியாத நம்பரிலிருந்து போன் வருகிறது. எடுத்தால் ‘ஹலோ’ என்று ஒரே ஒரு வார்த்தை. அடுத்த நொடியே, ‘என்னம்மா, யார் போன்ல இருந்து பேசுறீங்க?’ என்று கேட்டுவிடுகிறோம். பெயரே சொல்ல வேண்டியதில்லை. குரல் போதும்.

கிங் பென்குயின் குஞ்சுகளுக்கும் அப்படித்தான். குரலைத் தவறவிட்டால் நமக்கு ஒரு மிஸ்டு கால், அவ்வளவுதான். அவற்றுக்கோ அன்றைய சாப்பாடே போய்விடும்.

கூடு இல்லை, முகவரி இல்லை

நம் கன்னியாகுமரியைத் தொடும் அதே இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் இருக்கின்றன குரோசே தீவுகள். அங்கே கிங் பென்குயின்கள் ஆயிரக்கணக்கில் கூடி வாழ்கின்றன. இவை கூடு கட்டுவதில்லை. ஒரே ஒரு முட்டையைக் காலின் மேல் வைத்து, வயிற்றுத் தோல் மடிப்பால் மூடி அடைகாக்கின்றன.

குஞ்சு கொஞ்சம் வளர்ந்ததும் அப்பா, அம்மா இருவருமே இரை தேடிக் கடலுக்குப் போய்விடுவார்கள். குளிர்காலத்தில் அவர்கள் திரும்பி வர வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில்கூட ஆகலாம். அதுவரை பழுப்பு நிறக் குஞ்சுகள் கும்பலாக நின்று காத்திருக்கும். பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி. திரும்பி வரும் பெற்றோர் தன் குஞ்சுக்கு மட்டும்தான் இரை ஊட்டும். அப்படியென்றால், இந்தக் கூட்டத்தில் ஒருவரையொருவர் எப்படிக் கண்டுபிடிப்பது?

குரலை வெட்டிப் பார்த்தார்கள்

பிரெஞ்சு விஞ்ஞானிகள் தியெரி ஓபானும் பியர் ஜுவாந்தானும் இதற்கு விடை தேடினார்கள். வழி எளிமையானது. பெற்றோர் பென்குயினின் குரலை மைக்கில் பதிவு செய்வது, அதைக் கம்ப்யூட்டரில் மாற்றியமைப்பது, பிறகு அதன் குஞ்சுக்கே ஸ்பீக்கரில் போட்டுக் காட்டுவது. அடையாளம் தெரிந்தால் குஞ்சு தலையைத் தூக்கும், பதில் குரல் கொடுக்கும், ஸ்பீக்கரை நோக்கி ஓடிவரும். தெரியாவிட்டால் பேசாமல் நிற்கும்.

1998-ல் வெளியான அவர்களின் ஆய்வு முடிவுகள் அசரவைத்தன. பெற்றோர் குரலின் முதல் அசையில் பாதி, அதாவது சுமார் கால் நொடி ஒலியே குஞ்சுக்குப் போதுமாக இருந்தது. சுற்றியிருக்கும் மற்ற பென்குயின்களின் குரலைவிட 6 டெசிபல் குறைவாக ஒலித்தபோதும் குஞ்சு சரியாகக் கண்டுகொண்டது. கல்யாண மண்டபத்தில் மேளச் சத்தத்துக்கு நடுவே, மூலையில் யாரோ மெதுவாகக் கூப்பிட்டது காதில் விழுவதைப் போல!

குரலை ஸ்பெக்ட்ரோகிராம் என்னும் படமாக மாற்றிப் பார்த்தால், அது எந்தெந்த நேரத்தில் ஏறுகிறது, இறங்குகிறது என்பது கோடுகளாகத் தெரியும். இந்த ஏற்ற இறக்கம்தான் ஒவ்வொரு கிங் பென்குயினுக்கும் கையெழுத்து மாதிரி.

ஒரு தொண்டை, இரண்டு குரல்

பறவைகளின் குரல் உறுப்பு, மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் இருக்கிறது. அதன் இரு பக்கமும் தனித்தனியே ஒலி எழுப்ப முடியும். கிங், எம்பரர் பென்குயின்கள் இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் பயன்படுத்துகின்றன. சுருதி கொஞ்சம் விலகிய இரண்டு நாதஸ்வரங்களைச் சேர்த்து வாசித்தால் ஓர் அதிர்வு கேட்குமே, அதுபோல இங்கும் கேட்கும். எம்பரர் பென்குயின்களிடம் நடத்திய சோதனையில் இரண்டில் ஒரு குரலை மட்டும் நீக்கி ஒலிக்கவிட்டார்கள். பென்குயின்கள் தங்கள் உறவை அடையாளம் காணவில்லை.

கூடு கட்டும் அடேலி பென்குயின்களின் குரல் அமைப்பு இதைவிட எளிமையானது. அவை சந்திக்க ஓர் இடம் இருக்கிறது. இடம் இல்லாதவைக்குக் குரலே முகவரி.

காற்று அடித்தால்?

அந்தத் தீவுகளில் காற்றுக்குப் பஞ்சமில்லை. காற்றின் வேகம் நொடிக்கு 8 மீட்டரைத் தாண்டினால் கிங் பென்குயின்கள் கூடுதல் முறை கூப்பிடுகின்றன, ஒவ்வோர் அழைப்பிலும் அசைகளைக் கூட்டுகின்றன என்று 1999-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சிக்னல் சரியில்லாத இடத்தில் ‘ஹலோ... ஹலோ... கேக்குதா?’ என்று நாம் செய்வதும் இதுதானே!

தூரமாகும் கடல்

கூச்சலையும் காற்றையும் சமாளிக்கப் பென்குயின்களுக்குத் தெரியும். கடல் சூடாவதுதான் புதிய சிக்கல். மீன் நிறைந்த குளிர்ந்த நீர்ப்பகுதி தெற்கே நகர்வதால், பெற்றோர் இன்னும் நெடுந்தூரம் நீந்த வேண்டியிருக்கும். இதே நிலை நீடித்தால், இனப்பெருக்கம் செய்யும் சுமார் 16 லட்சம் கிங் பென்குயின் ஜோடிகளில் 70 சதவிகிதம் இந்த நூற்றாண்டின் முடிவுக்குள் இடம் மாற நேரிடும் அல்லது அழிந்துபோகும் என்று 2018-ல் வெளியான ஆய்வு எச்சரிக்கிறது.

ஆயிரம் குரல்களுக்கு நடுவே தன் அம்மாவின் குரலைப் பிரித்தறியும் காது குஞ்சுக்கு இருக்கிறது. ஆனால், அந்தக் குரல் முதலில் கரைக்குத் திரும்பி வர வேண்டுமே!