ஊதா நிறம் சொன்ன இரகசியம்

நூலகத்தில் ஒருவர் எந்நூலை எடுத்துப் படித்தார் என்பது அவரும் நூலகரும் மட்டுமே அறிந்த செய்தி. அவர் சென்று ஏறும் கடைக்காரரெல்லாம் நூலகப் பேரேட்டைப் புரட்டிப் பார்க்கலாம் என்றால், நோயைப் பற்றியோ கடனைப் பற்றியோ ஒரு நூலைத் தொடவும் மனிதர் அஞ்சுவர். இணையத்தில் அத்தகைய நிலை பல்லாண்டுகள் நிலவியது. அது நேர்ந்த விதத்தையும் நீங்கிய விதத்தையும் ஈண்டுக் காண்போம்.

நிறம் மாறும் இணைப்பு

இணையப் பக்கங்களில் நாம் இதுவரை செல்லாத இணைப்புகள் பெரும்பாலும் நீல நிறத்திலும், சென்று வந்தவை ஊதா நிறத்திலும் தோன்றும். படித்ததையே மீண்டும் திறவாதிருக்க இஃது உதவுகின்றது. இவ்வுதவியே கேடாகவும் முடிந்தது.

ஓர் இணையதளம் தன் பக்கத்தில் ஆயிரக்கணக்கான பிற தளங்களின் முகவரிகளை நம் கண்ணுக்குப் புலப்படாமல் பதித்து வைக்கும். பின்னர், அவை ஒவ்வொன்றும் என்ன நிறம் என்று நம் உலாவியையே வினவும். உலாவியும் ஒளிவுமறைவின்றி விடை கூறிவிடும். ஊதா எனில் நாம் அங்குச் சென்றவர். நீலம் எனில் செல்லாதவர். நாம் எதையும் சொடுக்க வேண்டியதில்லை. நம் இசைவும் கேட்கப்படுவதில்லை.

வேவு பார்த்த விளம்பரம்

இக்குறை 2002ஆம் ஆண்டிலேயே மொசில்லாவின் பிழைப் பதிவேட்டில் இடம்பெற்றது. 2010இல் சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உலகின் முன்னணித் தளங்கள் 50,000ஐ ஆராய்ந்து, அவற்றுள் 46 தளங்கள் இவ்வழியில் வேவு பார்த்தமையைக் கண்டறிந்தனர்.

அமெரிக்க விளம்பர நிறுவனமாகிய எபிக் மார்க்கெட்பிளேஸ் 2010 மார்ச்சு முதல் 2011 ஆகஸ்டு வரை 54,000க்கும் மேற்பட்ட தளங்களைக் குறித்து இவ்வாறு வினவியது என அந்நாட்டுக் கூட்டாட்சி வணிக ஆணையம் குற்றஞ்சாட்டியது. மகப்பேறின்மை, மாதவிடாய் நிற்றல், கடன் நிவாரணம், நொடிப்பு ஆகியன பற்றிய பக்கங்களும் அவற்றுள் அடங்கும். மருத்துவரிடம் மட்டுமே மனம் திறக்கும் ஒரு பெண்ணின் துயரம் விளம்பரச் சரக்காகியது என்பதே இதன் பொருள். 2012 டிசம்பரில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, திரட்டிய விவரங்களை அந்நிறுவனம் அழிக்க நேர்ந்தது.

அடைக்கப்பட்ட வழி

நிறத்தை அறவே நீக்கினால் பயனர்க்கு இழப்பு. நீக்காவிடில் இரகசியம் கசியும். ஆகவே மொசில்லாவின் டேவிட் பேரன் 2010இல் ஒரு வழி கண்டார்: நம் கண்ணுக்கு ஊதாவைக் காட்டும் உலாவி, தளம் வினவினால் நீலமென்றே விடையளிக்கும்! பிற உலாவிகளும் இம்முறையை மேற்கொண்டன. எனினும், பக்கத்தை வரைய எடுக்கும் நேரத்தை அளந்து உண்மையை ஊகிக்கும் உத்திகள் பின்னர்த் தோன்றின. 2025 ஏப்ரலில் வெளிவந்த குரோம் 136ஆம் பதிப்பு வேரையே நாடியது. ஒரு தளத்திலிருந்து நாம் சொடுக்கிய இணைப்பு அத்தளத்தில் மட்டுமே ஊதாவாகும். பிற தளங்களுக்கு அச்செய்தி எட்டாது.

உலாவியை அவ்வப்போது புதுப்பித்தல் நம் கடமை. பிறர் கடிதத்தைப் பிரித்துப் படிப்பதை இழிவெனக் கருதும் நாம், பிறர் படிப்பை வேவு பார்ப்பதையும் அவ்வாறே கருதுதல் வேண்டும். அச்சமின்றிப் படிக்க இயலாத இடத்தில் அறிவு வளராது.