நாளைக்கு லீவா? மழை விடுமுறையும் கண்மாய்க் கரையும்

ஐப்பசி பிறந்துவிட்டால் காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும். ‘நாளைக்கு லீவா?’ பிள்ளை கேட்டால் அதில் ஆசை இருக்கும். காலையில் வேலைக்குப் போகவேண்டிய அம்மா கேட்டால் கவலை இருக்கும்.

பனிப்பொழிவுக்காகப் பள்ளியை மூடும் நாடுகள் உண்டு. நமக்குக் குளிர்காலம் என்றால் வடகிழக்குப் பருவமழைதான். தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. அரையாண்டுத் தேர்வும் அதே டிசம்பரில்தான்!

யார் முடிவெடுக்கிறார்கள்?

24 மணி நேரத்தில் 6.45 செ.மீ முதல் 11.55 செ.மீ வரை பெய்தால் அது கனமழை. 20.44 செ.மீ வரை மிக கனமழை. அதற்கும் மேல் போனால் அதி கனமழை. இதன் அடிப்படையில் வானிலை ஆய்வு மையம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளை விடுக்கிறது. ஆனால், பள்ளிக்கு விடுமுறை விடுவது வானிலை மையத்தின் வேலை அல்ல. 2005-ம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தின் தலைவராக இருக்கும் ஆட்சியர்தான் அதை அறிவிக்கிறார்.

இதில்தான் சிக்கலும் இருக்கிறது. சிவகங்கை மாவட்டத்தில் புதுவயலில் கொட்டித் தீர்க்கும் நாளில் மானாமதுரையில் வெயில் அடிக்கலாம். லேசான தூறலுக்கெல்லாம் விடுமுறை கூடாது, மாவட்டம் முழுவதற்கும் அறிவிக்காமல் பாதித்த பகுதிக்கு மட்டும் விடலாம், பள்ளி தொடங்க மூன்று மணி நேரம் முன்பே சொல்லிவிட வேண்டும், விட்ட நாளை சனிக்கிழமையில் ஈடுகட்ட வேண்டும் என்று பள்ளிக் கல்வித்துறை வழிகாட்டியிருப்பது அதனால்தான்.

இவற்றில் முக்கியமானது அந்த மூன்று மணி நேரம். காரைக்குடி நகரத்துப் பிள்ளை எட்டரை மணிக்குக் கிளம்பினால் போதும். சுற்றுக் கிராமத்துப் பிள்ளை, டவுன் பஸ்ஸைப் பிடிக்க ஏழு மணிக்கே ரோட்டுக்கு வந்துவிடும். எட்டு மணிக்கு வரும் அறிவிப்பால் அந்தப் பிள்ளைக்கு என்ன லாபம்? நனைந்துகொண்டே பள்ளிக்குப் போய், பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு, திரும்பி வர பஸ் இல்லாமல் நிற்க வேண்டியதுதான். 2022 ஆகஸ்ட்டில் கேரளத்தின் எர்ணாகுளத்தில் இப்படித்தான் நடந்தது. பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பிய பிறகு விடுமுறை அறிவிப்பு வர, பெற்றோர் கொதித்துப் போனார்கள். ஏற்கெனவே திறந்துவிட்ட பள்ளிகள் மூட வேண்டாம் என்று பிறகு விளக்கம் தர வேண்டியதாயிற்று.

புயல் வந்தால் கதையே வேறு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா, உள்மாவட்டங்களையும் விட்டுவைக்கவில்லை. கடற்கரையிலிருந்து தள்ளி இருக்கிறோம் என்ற நிம்மதி அன்றோடு போயிற்று. 2024-ல் ஃபெஞ்சல் புயல் புரட்டிப்போட்ட விழுப்புரம், கடலூர் பகுதிகளில் பாதிக்கப்பட்ட பள்ளிகளின் அரையாண்டுத் தேர்வே ஜனவரிக்குத் தள்ளிப்போனது.

விடுமுறை விட்டாச்சு... அப்புறம்?

விடுமுறை என்றால் பிள்ளை வீட்டில் பத்திரமாக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். நூறு ரூபாய் கூலி குறைந்தாலும் அடுப்பு எரியாத வீடுகளில் அம்மா, அப்பா இருவரும் வேலைக்குப் போய்விடுவார்கள். அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு அன்று காலை உணவும் கிடையாது, மதிய உணவும் கிடையாது.

அதைவிடப் பெரிய கவலை கண்மாய். சிவகங்கைச் சீமையின் விவசாயமே கண்மாயை நம்பித்தான். ஆண்டில் பல மாதம் வெடித்துக் கிடக்கும் கண்மாயும் ஊருணியும் நிறைந்தால் ஊருக்கே கொண்டாட்டம். பெரியவர்களே கரைக்குப் போய் வேடிக்கை பார்க்கும்போது பிள்ளைகள் வீட்டில் இருப்பார்களா? மண் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்பது செம்மண் கலங்கிய தண்ணீரில் தெரியாது. கோடையில் கிரிக்கெட் விளையாடிய அதே இடம்தானே என்ற தைரியத்தில் பிள்ளை இறங்கும். கலுங்கில் தண்ணீர் பாயும்போது முழங்கால் ஆழமே ஆளை இழுத்துவிடும். பள்ளியில் இருந்தால் கண்காணிக்க ஆசிரியர் உண்டு. விடுமுறை நாளில் அந்தப் பொறுப்பை யாராவது எடுத்துக்கொண்டால்தான் ஆட்சியர் விட்ட விடுமுறைக்கு அர்த்தம் இருக்கும்.

பனி நாடுகள் என்ன செய்கின்றன?

நம் தமிழர்கள் நிறைய வாழும் டொரன்டோவில், பனி கொட்டும் நாளில் பெரும்பாலும் பள்ளிப் பேருந்துகளைத்தான் ரத்து செய்கிறார்கள். பள்ளி திறந்தே இருக்கும். பக்கத்தில் இருப்பவர்கள் வரலாம். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத பிள்ளைக்கும் அது ஒரு நிழல். அமெரிக்காவில் பல ஊர்களில் இரண்டு மணி நேரம் தாமதமாகப் பள்ளியைத் திறப்பார்கள். டெல்லியிலும் 2024 ஜனவரிக் குளிரில், காலை 9 மணிக்கு முன் வகுப்பு கூடாது என்று உத்தரவிட்டார்கள். ‘ஆன்லைன் வகுப்பு வைத்துவிடலாமே’ என்றால், 2024 பிப்ரவரியில் பனிப்புயலின்போது நியூயார்க் அதைத்தான் செய்தது. காலையில் பலரால் உள்ளேயே நுழைய முடியவில்லை. மழைக்கு கரன்ட் போகும் ஊரில், வீட்டுக்கு ஒரே செல்போன் இருக்கும் இடத்தில், அதை நம்ப முடியாது.

நாமும் ‘முழு லீவு, இல்லையென்றால் முழுப் பள்ளி’ என்ற இரண்டு வழிகளோடு நிற்க வேண்டியதில்லை. ஒரு தரைப்பாலம் மூழ்கினால் அந்தப் பாலத்தைத் தாண்டி வரும் பிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு தரலாம். காலை மழை பத்து மணிக்கு வெறிக்கும் என்றால் தாமதமாகத் திறக்கலாம்.

மழை நாளில் பெற்றோர் கவனிக்க...

* வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய அறிவிப்பை நம்ப வேண்டாம். தேதியையும் மாவட்டத்தின் பெயரையும் பாருங்கள். பள்ளிக்குழுவில் வரும் தகவலே உறுதி.

* வேலைக்குப் போகும் பெற்றோர், விடுமுறை நாளில் பிள்ளையை யாரிடம் விடுவது என்பதை மழைக்காலம் தொடங்கும் முன்பே அப்பத்தாவிடமோ பக்கத்து வீட்டிலோ பேசி வைத்துவிடுங்கள்.

* கண்மாய், ஊருணி, கிணற்றுப் பக்கம் பெரியவர் துணையின்றிப் போகக் கூடாது என்பதை ஒருமுறை சொன்னால் போதாது. ஒவ்வொரு மழைக்கும் சொல்லுங்கள்.

* நனைந்த சுவர், அறுந்த மின்கம்பி, இரும்பு மின்கம்பம்... மூன்றையும் தொடக் கூடாது.

* அவசரத்துக்கு மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை எண் 1077. கரையில் நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளைக் கண்டால், யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்காமல் வீட்டுக்கு விரட்டுங்கள்.