ஊற்றில்லாத குளம்

பருப்பு வேகிற தண்ணீர், வேகாத தண்ணீர். நம் சமையலறைகள் தண்ணீரை இப்படித்தான் காலங்காலமாகப் பிரித்து வந்திருக்கின்றன. போடிநாயக்கனூர்ப் பக்கம் இந்த இரண்டும் அருகருகே கிடைக்கும். ஏலமலைச் சரிவுகளிலிருந்து இறங்கும் ஓடைத் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் குழைந்துவிடும். சோப்பு நுரை அலச அலசப் போகாது. அம்பரப்பர் மலையடிவாரத்தில், நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தால் நாடு முழுக்கப் பெயர் அடிபட்ட பொட்டிபுரம் போன்ற ஊர்களின் சமவெளிப் பக்கம் ஆழத்துப் போரிலிருந்து ஏறிவரும் தண்ணீர் பெரும்பாலும் வேறு ரகம். சோப்பு திரியும். வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் படியும்.

இந்தச் சமையலறை அறிவுக்கு இப்போது புதிதாக ஒரு வேலை வந்திருக்கிறது. போடிமெட்டு ஏறி மூணாறுக்குப் போகும் பாதையில் தங்கும் விடுதிகளும் தோட்டத்து வீடுகளும் பெருகிவிட்டன. பலவற்றில் நீச்சல் குளம் உண்டு. தோட்டத்தோடு வீட்டை வாங்குகிறவர், வீட்டோடு அந்தக் குளத்தையும் வாங்கிவிடுகிறார். சாவி கைக்கு வரும்போது மோட்டார் அறையில் பாதி காலியான ஒரு வாளி வெள்ளை மாத்திரையும், பேர் அழிந்த ஒரு ஆசிட் கேனும் இருக்கும். எதை, எப்போது, எவ்வளவு போடுவது என்று சொல்ல ஆள் இருக்காது.

நம் ஊரில் நீச்சல் படித்தவர்களில் பெரும்பாலோர் கிணற்றில் படித்தவர்கள். இடுப்பில் சுரைக்குடுக்கையோ கயிறோ கட்டிக்கொண்டு தோட்டத்துக் கிணற்றில் குதித்தவர்கள். அந்தக் கிணற்றுக்கு யாரும் மருந்து போட்டதில்லை. அதனால் குளத்தையும் ஒரு சிறிய கிணறாகவே மனம் எடுத்துக்கொள்கிறது. தவறு அங்கேதான் தொடங்குகிறது. கிணற்றுக்கு ஊற்று உண்டு. பம்புசெட் ஓடினால் பழைய தண்ணீர் வயலுக்குப் போகும், புதுத் தண்ணீர் சுரக்கும். நீச்சல் குளம் நான்கு பக்கமும் அடைத்த தொட்டி. வியர்வை, தலை எண்ணெய், சருகு, பறவை எச்சம், குழந்தைகளின் சிறுநீர், எது விழுந்தாலும் அதற்குள்ளேயே கிடக்கும். வெயிலில் ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். மற்றதெல்லாம் மிஞ்சியதில் அடர்ந்துகொண்டே வரும்.

தெளிவாக இருக்கிறதே, போதாதா என்ற கேள்விக்கு ஒரு துயரமான பதில் 2024-இல் கிடைத்தது. கேரளத்தைச் சேர்ந்த ஒரு பள்ளி மாணவி அமீபா மூளைக்காய்ச்சலால் அந்த ஆண்டு ஜூனில் இறந்தார். பள்ளிச் சுற்றுலாவாக மூணாறுக்கு வந்தபோது ஒரு நீச்சல் குளத்தில் அவர் குளித்திருந்ததாகச் செய்திகள் வந்தன. அடுத்தடுத்துக் கேரளத்தில் வேறு பிள்ளைகளும் இதே வகை நோய்க்குப் பலியானார்கள். நீச்சல் குளங்களையும் நீர்நிலைகளையும் முறையாகப் பராமரிக்கும்படி தமிழகப் பொதுச் சுகாதாரத் துறையும் அந்த ஜூலையில் அறிவுறுத்தியது. இவ்வகை அமீபாக்களில் பேர்போனது நெக்லேரியா ஃபௌலெரி. வெதுவெதுப்பான நன்னீரில் வளர்வது. குடித்தால் ஒன்றும் செய்யாது. மூக்கு வழியாக ஏறினால் மூளையைத் தாக்கும். தாக்கப்பட்டவர்களில் 100-க்கு 97 பேருக்கு மேல் பிழைப்பதில்லை. தண்ணீரில் போதிய குளோரின் நிலையாக இருந்தால் அது தாக்குப்பிடிக்காது.

கலங்கல் தண்ணீரைத் தெளியவைக்கப் பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரைப்பார்கள். படிகாரத்தை ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். அது மண்ணைப் படியவைக்கும். கிருமியின் கதையை முடிக்க வேறொன்று வேண்டும். ஊராட்சித் தொட்டியில் போடும் ப்ளீச்சிங் பவுடர் முதல் ஒலிம்பிக் குளத்தில் ஊற்றும் திரவம் வரை எல்லாவற்றிலும் வேலை செய்வது ஒரே பொருள். குளோரின் தண்ணீரில் கரைந்ததும் ஹைப்போகுளோரஸ் அமிலமாகிறது. கிருமியின் உறைக்குள் புகுந்து கொல்வது இதுதான். ஆனால் தண்ணீரின் காரம் கூடினால் இது ஹைப்போகுளோரைட் என்ற இன்னொரு வடிவத்துக்கு மாறிவிடும். அதற்குக் கொல்லும் திறன் மிகக் குறைவு.

அமிலமா காரமா என்பதை அளக்கும் எண்தான் பி.எச். அந்த எண் 7.5-இல் இருந்தால் குளோரினில் ஏறத்தாழப் பாதி வீரியமான வடிவில் இருக்கும். 8-க்கு ஏறினால் கால் பங்குதான். 8.5-இல் பத்தில் ஒரு பங்கு. ஒரே அளவு மருந்துதான், ஒரே செலவுதான், பலன் மட்டும் இப்படிச் சரிகிறது. குளம் பாசி பிடித்ததும் மேலும் மேலும் குளோரினைக் கொட்டுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது பி.எச். எண்ணைத்தான். 7.2-க்கும் 7.8-க்கும் இடையில் நிறுத்துவது உலகெங்கும் உள்ள வழக்கம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பரிந்துரைப்படி குளத்தில் குளோரின் குறைந்தது 1 பி.பி.எம்.; நிலைப்படுத்தும் மருந்து கலந்திருந்தால் 2. நம் நாட்டிலும் நீச்சல் குளத்துத் தண்ணீருக்கென்றே 1993-ஆம் ஆண்டின் ஐ.எஸ். 3328 என்ற தரநிலை இருக்கிறது.

பி.பி.எம். என்ற சொல்லைக் கண்டு மிரள வேண்டாம். ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிராம், அவ்வளவுதான். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள குளத்தில் 48,000 லிட்டர் பிடிக்கும். அதில் 1 பி.பி.எம். ஏற்ற 48 கிராம் குளோரின் தேவை. 30 சதவீத வீரியமுள்ள ப்ளீச்சிங் பவுடர் என்றால் 160 கிராம். 65 சதவீதக் கால்சியம் ஹைப்போகுளோரைட் என்றால் 75 கிராம் போதும். வீட்டை வாங்கியவர் முதல் நாளே நாடா பிடித்துக் குளத்தை அளந்து, இந்த எண்ணை மோட்டார் அறைச் சுவரில் எழுதிவைத்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு கொட்டும் பழக்கம் வராது.

எதோடு எது சேரக் கூடாது என்று தெரியாமல் கொட்டினால் என்ன ஆகும் என்பதையும் உலகமே பார்த்தது. 2016 ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக்கின் டைவிங் குளம் ஒரே நாளில் கரும்பச்சையானது. ஒப்பந்தக்காரர் சில நாள் முன்பு ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றியிருந்தார். அதுவும் கிருமிநாசினிதான். ஆனால் குளோரினோடு சேர்ந்தால் அதைச் செயலிழக்கச் செய்துவிடும். குளோரின் போன இடத்தில் பாசி புகுந்துகொண்டது. அதே கதிக்கு ஆளான பக்கத்துக் குளத்தின் தண்ணீரை இரவோடு இரவாக மாற்றித்தான் அங்கே போட்டியை நடத்தினார்கள். இரண்டு நல்ல மருந்துகள் சேர்ந்தால் இன்னும் நல்லது என்ற கணக்கு குளத்தில் செல்லாது.

மூக்கை நம்புவதும் ஆகாது. 'குளோரின் நெடி தூக்கலாக இருக்கிறது, மருந்து அதிகம்' என்று பலர் முகம் சுளிப்பார்கள். உண்மையில் அந்த நெடி குளோரின் போதவில்லை என்பதற்கான அடையாளம். சிறுநீரோடும் வியர்வையோடும் சேர்ந்த குளோரின், குளோரமைன் என்ற பொருளாக மாறுகிறது. நெடியும் கண் எரிச்சலும் அதன் வேலை. சேர்ந்துபோன அந்தக் குளோரின் எவ்வளவோ அதைப்போலப் பத்து மடங்கு புதுக் குளோரினை ஒரே தடவையில் போட்டால்தான் அது உடையும். இறங்குவதற்கு முன் ஒரு நிமிடம் உடம்பை நனைத்துக் கழுவிக்கொண்டால் பாதித் தொல்லை வாசலிலேயே நின்றுவிடும். வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளையை இறக்கவே கூடாது. பெரும்பாலான கிருமிகளைக் குளோரின் சில நிமிடங்களில் முடித்துவிடும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி மட்டும் 1 பி.பி.எம். குளோரினில் பத்து நாளுக்கு மேல் உயிரோடிருக்கும்.

சோதனைப் பெட்டி இல்லாமல் குளம் வைத்திருப்பது, சோற்றை நசுக்கிப் பார்க்காமல் கஞ்சி வடிப்பதைப் போல. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். சொட்டு மருந்து விட்டால் மஞ்சளாகும் மலிவான பெட்டி, செயலிழந்த குளோரினையும் சேர்த்தே காட்டும். இளஞ்சிவப்பாகும் டி.பி.டி. வகை, வேலைக்குத் தயாராக இருக்கும் குளோரினைத் தனியாகக் காட்டும். காசு கூடுதலானாலும் இரண்டாவதைத்தான் வாங்க வேண்டும்.

முன்பிருந்தவர் விட்டுப்போன வெள்ளை மாத்திரை வாளிக்கு வருவோம். அது அனேகமாக ட்ரைகுளோர். மெல்லக் கரையும், கையாள எளிது, அதனால் எல்லோருக்கும் பிடிக்கும். திறந்த வெயிலில் வெறும் குளோரின் இரண்டு மணி நேரத்தில் பெரும்பகுதி அழிந்துவிடும். மாத்திரையில் கூடவே இருக்கும் சயனூரிக் அமிலம், முன்பு சொன்ன நிலைப்படுத்தும் மருந்து, வெயிலிலிருந்து அதைக் காக்கிறது. சிக்கல் என்னவென்றால், குளோரின் செலவாகிவிடும், இந்த அமிலம் செலவாகாது. நாளுக்கு 2 பி.பி.எம். குளோரினை மாத்திரையாகவே போட்டு வந்தால், மூன்று மாதத்தில் சயனூரிக் அமிலம் 100 பி.பி.எம்-ஐத் தாண்டிவிடும். 30 முதல் 50 வரை போதுமானது. மிதமிஞ்சினால் குளோரினைக் கட்டிப்போட்டுவிடும். சோதனையில் குளோரின் தெரியும், தண்ணீரில் பாசி வளரும். எந்த மருந்தும் இதை எளிதில் இறக்காது. கொஞ்சம் தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விடுவதே வழி.

புதுத் தண்ணீர் எது என்பதில்தான் பருப்புக் கதை திரும்ப வருகிறது. மலை ஓடை நீரில் சுண்ணச் சத்து மிகக் குறைவு. பசியோடிருக்கும் அந்தத் தண்ணீர் குளத்துச் சிமெண்டிலிருந்தே சுண்ணாம்பை உறிஞ்சிக்கொள்ளும். ஓடுகளின் இடைப்பூச்சு உதிரும், தரை சொரசொரப்பாகிப் பிள்ளைகளின் பாதம் கீறும். சமவெளியின் போர் தண்ணீர் நேர்மாறு. சுண்ணாம்பு மிகுந்து ஓட்டு விளிம்பில் வெள்ளைக் கோடாகப் படியும், ஃபில்டர் மணலைக் கட்டி தட்டவைக்கும். தண்ணீர் அரிக்குமா படியுமா என்பதைக் கணக்கிட ஒரு குறியீட்டை 1936-இல் அமெரிக்கப் பொறியாளர் லாங்கெலியர் வகுத்தார். இன்றும் குளக்காரர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

எனவே மேட்டு வீட்டுக்கும் அடிவார வீட்டுக்கும் ஒரே மருந்துச் சீட்டு பொருந்தாது. ஓடை நீர்க் குளத்துக்குக் கால்சியம் ஹைப்போகுளோரைட் நல்லது, சுண்ணச் சத்தும் கூடவே சேரும். பி.எச். சட்டென ஏறி இறங்காமல் தாங்கிப் பிடிக்கச் சமையல் சோடா போடலாம். போர் தண்ணீர்க் குளத்துக்குத் திரவக் குளோரின்தான் ஏற்றது. கூரையில் விழும் மழைநீரைச் சேர்த்து விட்டால் கடினம் தணியும். குழாயில் தெளிவாக வந்த போர் தண்ணீர், குளோரின் பட்டதும் செம்பழுப்பாக மாறினால் பதற வேண்டாம். அதிலிருந்த இரும்பு துருவாகிறது, ஃபில்டரில் பிடித்துவிடலாம்.

ஒன்றில் மட்டும் பிசகக் கூடாது. ஆசிட்டும் குளோரினும் ஒரே அலமாரியில் இருக்கக் கூடாது. இரண்டும் கலந்தால் கிளம்புவது குளோரின் வாயு. 1915-இல் முதல் உலகப் போரில் இப்ர என்ற ஊரில் படைவீரர்களின் மூச்சை அடைத்த அதே வாயு. ட்ரைகுளோர் மாத்திரை கிடந்த பாத்திரத்தில் கால்சியம் ஹைப்போகுளோரைட்டைப் போட்டால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். எப்போதும் தண்ணீரில்தான் மருந்தைச் சேர்க்க வேண்டும், மருந்தின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. பேர் அழிந்த அந்தக் கேனை என்னவென்று மோந்து பார்க்கவே வேண்டாம்.

குளத்தைக் காலி செய்யும் நாள் வரும்போது சரிவின் கீழே யார் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மேட்டில் வால்வைத் திறந்தால் தண்ணீர் ஓடையில் சேரும், அங்கிருந்து ஆற்றுக்கு இறங்கும். மிகச் சிறிய அளவு குளோரினே மீனின் செவுளைக் கெடுத்துவிடும். மருந்து போடுவதை நிறுத்திவிட்டுக் குளத்தைச் சில நாள் வெயிலில் விட வேண்டும். சோதனைக் குழாயில் சொட்டு விட்டால் நிறமே காட்டக் கூடாது. அதற்கு இந்த ஒரு வேளை மட்டும் மஞ்சளாகும் மலிவுப் பெட்டியே உதவும். எந்த வடிவில் குளோரின் மிச்சமிருந்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். அதன் பிறகு, ஓடைக்குப் போகாதபடி, மண்ணில் ஊறும் இடமாகப் பார்த்து மெல்லத் திறந்துவிடலாம்.