ஜல்லிக்கட்டுக்கு 8 நாளில் 'ஓகே', நீட் மசோதாவுக்கு 'நோ': ஒரே சட்டப் பிரிவு, இரண்டு முடிவு ஏன்?

குஜிலியம்பாறையில் வாக்காளர் அட்டை வெச்சிருக்கிற ஒருத்தரை எடுத்துக்கோங்க. அவருக்குப் பட்டா வேணும்னா தாலுகா ஆபீஸ் உள்ளூரிலேயே இருக்கு. கலெக்டரைப் பார்க்கணும்னா திண்டுக்கல் போகணும். எம்.எல்.ஏ. யார்னு கேட்டா வேடசந்தூர் தொகுதி. சரி, எம்.பி.? பலர் யோசிக்காம 'திண்டுக்கல்'னு சொல்லிடுவாங்க. அது தப்பு. வேடசந்தூர் சட்டமன்றத் தொகுதி, கரூர் மக்களவைத் தொகுதிக்குள்ள வருது. அதனால குஜிலியம்பாறைக்காரர் திண்டுக்கல் மாவட்டத்தில் வாழ்ந்துகிட்டு கரூர் எம்.பி.க்கு ஓட்டு போடுறார்.

ஒரே ஆள். ஆனா அவரை ஆளுறது பல அடுக்கு. எந்த அடுக்குக்கு எந்த அதிகாரம்னு பிரிச்சுக் கொடுக்கிற ஏற்பாட்டுக்குப் பேர்தான் கூட்டாட்சி. கேட்க பாடப்புத்தகம் மாதிரி இருக்கா? இதே விஷயம்தான் உங்க வீட்டுப் பிள்ளை எந்தத் தேர்வு எழுதி டாக்டர் ஆகணும், பக்கத்து ஊர் வாடிவாசல் திறக்குமா திறக்காதான்னு முடிவு பண்ணுது.

2017-ல் தமிழ்நாடு சட்டமன்றம் ஒன்பது நாள் இடைவெளியில் இரண்டு விஷயத்துக்குச் சட்டம் போட்டது. ஒண்ணு ஜல்லிக்கட்டு. இன்னொண்ணு நீட் விலக்கு. ரெண்டும் ஒரே வழியில் டெல்லிக்குப் போச்சு. ஒண்ணு ஜெயிச்சது, ஒண்ணு தோத்தது. ஏன்? விளக்கமா பார்க்கலாம்.

முதல்ல, யாருக்கு என்ன அதிகாரம்?

அரசியலமைப்பின் 7-வது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் இருக்கு. ராணுவம், ரயில்வே, தபால் மாதிரி விஷயங்கள் மத்தியப் பட்டியல். போலீஸ், விவசாயம், உள்ளாட்சி போன்றவை மாநிலப் பட்டியல். மூன்றாவது பொதுப் பட்டியல். இதில் இருக்கிற விஷயங்களில் இரண்டு பேரும் சட்டம் போடலாம்.

விலங்குகளைக் கொடுமைப்படுத்துவதைத் தடுப்பது பொதுப் பட்டியலில் 17-வது இனம். கல்வி அதே பட்டியலில் 25-வது இனம். கல்வி ஆரம்பத்தில் மாநிலப் பட்டியலில்தான் இருந்தது. அவசரநிலைக் காலத்தில், 1976-ல் வந்த 42-வது திருத்தம்தான் அதைப் பொதுப் பட்டியலுக்கு நகர்த்தியது.

பொதுப் பட்டியலில் ரெண்டு சட்டம் மோதினா?

இங்கதான் 254-வது பிரிவு வருது. மோதல் வந்தா நாடாளுமன்றச் சட்டமே செல்லும். மாநிலச் சட்டம் மோதுகிற அளவுக்குச் செல்லாது. இது பொது விதி. ஆனா ஒரு கதவு திறந்திருக்கு. மாநிலச் சட்டம் குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்குப் போய், அவர் ஒப்புதல் கொடுத்தா, அந்த மாநிலத்துக்குள் மட்டும் மாநிலச் சட்டமே செல்லும். 254-வது பிரிவின் இரண்டாவது உட்பிரிவு சொல்வது இதுதான்.

ஒரு விஷயத்தை மறந்துடக் கூடாது. குடியரசுத் தலைவர் தனியா முடிவெடுக்கிறவர் இல்லை. மத்திய அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்கிறவர். அதனால 'குடியரசுத் தலைவர் ஒப்புதல்'னு செய்தியில் படிச்சா, 'மத்திய அரசின் ஒப்புதல்'னு புரிஞ்சுக்கலாம்.

ஜல்லிக்கட்டில் என்ன நடந்தது?

திண்டுக்கல் மாவட்டத்தில் புகையிலைப்பட்டி, உலகம்பட்டி பக்கம் போனா ஜல்லிக்கட்டு என்பது டிவியில் பார்க்கிற விஷயம் இல்லை. வீட்டில் நிக்கிற காளையோட விஷயம். 2009-ல் மாநில அரசு ஜல்லிக்கட்டை ஒழுங்குபடுத்த ஒரு சட்டம் போட்டது. 2011-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், காட்சிப்படுத்தக் கூடாத விலங்குகள் பட்டியலில் காளையைச் சேர்த்தது. 2014 மே 7-ம் தேதி உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்கு முரணா இருக்குன்னு சொல்லி மாநிலச் சட்டத்தையும் ரத்து செய்தது. விலங்கு நல அமைப்புகள் வைத்த வாதமும் லேசானது இல்லை: காளைக்கு வலி, பயம், வீரர்களுக்கும் பார்வையாளர்களுக்கும் உயிர் ஆபத்து.

2016 ஜனவரியில் மத்திய அரசே ஜல்லிக்கட்டுக்கு அனுமதி தந்து அறிவிக்கை வெளியிட்டது. சில நாளிலேயே உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தியது. அடுத்த பொங்கலும் காளை இல்லாமல் போச்சு. 2017 ஜனவரி 17-ல் மெரினாவில் இளைஞர்கள் உட்கார்ந்தாங்க. மதுரை தமுக்கம், கோவை, சேலம்னு எல்லா இடத்துக்கும் பரவியது. மதுரையில் ரயிலையே மறிச்சாங்க. 19-ம் தேதி முதலமைச்சர் ஓ.பன்னீர்செல்வம் டெல்லியில் பிரதமரைப் பார்த்தார். 21-ம் தேதி அவசரச் சட்டம். 23-ம் தேதி சட்டமன்றத்தில் மசோதா. அதே நாளில் மெரினாவில் போராட்டக்காரர்களை போலீஸ் வெளியேற்ற, சென்னையில் வன்முறை வெடிச்சது. 31-ம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல்.

மசோதா நிறைவேறி எட்டே நாள். மத்திய மிருகவதைத் தடுப்புச் சட்டத்தையே தமிழ்நாட்டுக்கு மட்டும் திருத்தின மசோதா அது. 2023 மே 18-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இந்தச் சட்டம் செல்லும்னு தீர்ப்பளித்தது.

நீட் விஷயத்தில்?

ஜல்லிக்கட்டு ஒப்புதல் வந்த மறுநாள், 2017 பிப்ரவரி 1-ல், நீட்டிலிருந்து விலக்கு கேட்டு இரண்டு மசோதாக்களைச் சட்டமன்றம் ஒருமனதா நிறைவேற்றியது. அதுவும் குடியரசுத் தலைவர் ஒப்புதலுக்குப் போச்சு. ஒப்புதல் கிடைக்கலை. அது நிராகரிக்கப்பட்டது என்பதே 2019-ல் சென்னை உயர் நீதிமன்ற வழக்கில்தான் பொதுவெளிக்கு வந்தது.

2021 செப்டம்பர் 13-ல் அடுத்த அரசு புது மசோதா கொண்டு வந்தது. ஆளுநர் ஆர்.என்.ரவி அதைத் திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரி 8-ல் சட்டமன்றம் கூடி மறுபடி நிறைவேற்றியது. பிறகுதான் மசோதா டெல்லிக்குப் போச்சு. 2025 ஏப்ரல் 4-ல், மத்திய அரசு நிராகரித்துவிட்டதா முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

ஏன் இந்த வித்தியாசம்?

முதல் காரணம், டெல்லியின் விருப்பம். ஜல்லிக்கட்டை மத்திய அரசே 2016-ல் அனுமதிக்கப் பார்த்தது. மாநில மசோதாவுக்கு 'சரி' சொன்னா அதுக்கு இழப்பு எதுவும் இல்லை. நீட் அப்படியில்லை. அது மத்திய அரசே சட்டம் போட்டு நாடு முழுக்க நடத்துற தேர்வு. ஒரு மாநிலத்துக்கு விலக்கு கொடுத்தா மற்ற மாநிலங்களும் வரிசையில் நிக்கும்.

இரண்டாவது, சட்ட வாதம். உயர்கல்வியின் தரத்தை நிர்ணயிக்கிறது மத்தியப் பட்டியலில் 66-வது இனம். நீட் அந்த இனத்துக்குள்ள வருதுன்னு எடுத்துக்கிட்டா, 254-வது பிரிவின் கதவே மூடிடும். 'இது மாணவர் சேர்க்கை, அதனால பொதுப் பட்டியல்' என்பது மாநிலத்தின் வாதம். ஒரே தேர்வு இருந்தா தனியார் கல்லூரி நன்கொடை குறையும்னு ஒரு தரப்பு சொல்லுது. கோச்சிங்குக்குப் பணம் கட்ட முடியாத கிராமத்துப் பிள்ளை பின்தங்கும்னு இன்னொரு தரப்பு சொல்லுது.

மூன்றாவது காரணம்தான் பேசப்படாதது: மக்கள் கருத்தோட தன்மை.

மக்கள் கருத்துன்னா எத்தனை பேர்னு எண்ணுறது மட்டும்தானா?

இல்லை. அரசியல் அறிஞர்கள் மூணு விஷயம் பார்ப்பாங்க. கருத்து எந்தப் பக்கம்? எவ்வளவு அழுத்தம்? இன்னைக்கு அது மக்கள் மனசில் முதல் இடத்தில் இருக்கா?

ஜல்லிக்கட்டில் மூணும் ஒரே வாரத்தில் ஒண்ணா சேர்ந்துச்சு. பக்கம் தெளிவு, அழுத்தம் ராத்திரியும் வீட்டுக்குப் போகாத அளவு, வேற பேச்சே இல்லை. நீட் எதிர்ப்பு சட்டமன்றத்தில் பெரும்பான்மையா பதிவானது. ஆனா தேர்வு நாள், ரிசல்ட் நாள், ஒரு மாணவரின் மரணச் செய்தின்னு பொங்கி, பிறகு அடங்கிடும். வருஷக்கணக்கில் பரவின அழுத்தத்தை ஒரு அரசாங்கம் தாங்கிக்கும். ஒரே வாரத்தில் குவியுற அழுத்தத்தைத் தாங்குறது கஷ்டம்.

எண்ணிக்கை ஏமாத்தும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பழைய பாடம் உண்டு. 1936-ல் 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை சுமார் ஒரு கோடி பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல பதில் வந்தது. லாண்டன்தான் அதிபர்னு கணிச்சாங்க. ஆனா அன்றைய 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் அள்ளினார். காரணம்? முகவரிகளில் பெரும்பகுதி டெலிபோன் டைரக்டரியிலும் கார் பதிவுப் பட்டியலிலும் எடுத்தது. பொருளாதாரப் பெருமந்த காலத்தில் போனும் காரும் வெச்சிருந்தவங்க யாரு? வசதியானவங்க. உங்க வாட்ஸ்அப் குரூப்பில் நடக்கிற 'போல்' கூட இதே ரகம்தான்.

மீடியா இதில் எங்க வருது?

1968 அமெரிக்கத் தேர்தலின்போது மெக்கோம்ப்ஸ், ஷா என்ற இரண்டு ஆய்வாளர்கள் வட கரோலினாவின் சேப்பல் ஹில் நகரில், யாருக்கு ஓட்டுன்னு முடிவு பண்ணாதவங்ககிட்ட பேசினாங்க. ஊடகம் எதைப் பெருசா காட்டுச்சோ, அதையே வாக்காளர்களும் பெரிய பிரச்சினைன்னு சொன்னாங்க. ஊடகம் நாம என்ன நினைக்கணும்னு சொல்றதைவிட, எதைப் பத்தி நினைக்கணும்னு வரிசை போட்டுக் கொடுக்குதுன்னு இதிலிருந்து ஒரு கோட்பாடு வந்தது.

மெரினா அதுக்கு நல்ல உதாரணம். கூட்டத்தைக் கூட்டினது ஃபேஸ்புக், வாட்ஸ்அப். அதை ஒவ்வொரு வீட்டு ஹாலுக்கும் கொண்டு போனது 24 மணி நேர செய்தி சேனல்களின் நேரலை. இருட்டில் ஆயிரக்கணக்கான செல்போன் டார்ச் எரிஞ்ச காட்சி இன்னும் பலருக்கு ஞாபகம் இருக்கும். கோப்பு எங்கே நிக்குதுன்னே தெரியாத ஒரு மசோதாவுக்கு அப்படி ஒரு காட்சி கிடையாது. காட்சி இல்லாத செய்தி நேரலைக்கு வராது. நீட் மசோதா நிராகரிக்கப்பட்டதே இரண்டு வருஷம் கழிச்சுத் தெரிய வந்ததை இங்க ஞாபகப்படுத்திக்கோங்க.

அமெரிக்காவா இருந்தா எப்படி நடந்திருக்கும்?

அங்க பொதுப் பட்டியல் கிடையாது. மத்திய அரசுக்குன்னு எழுதிக் கொடுத்த அதிகாரம் போக, மிச்சம் மாநிலத்துக்கும் மக்களுக்கும்னு 10-வது திருத்தம் சொல்லுது. ஆளுநரை டெல்லி மாதிரி வாஷிங்டன் அனுப்புறதில்லை. மாநில மக்களே தேர்ந்தெடுக்கிறாங்க. மாநில மசோதாவுக்கு அதிபர் கையெழுத்தும் தேவையில்லை. மாநிலச் சட்டங்களை ரத்து செய்யும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுக்கணும்னு 1787-ல் ஜேம்ஸ் மேடிசன் கேட்டார். அரசியலமைப்பு மாநாடு அதை ஏற்கலை. சட்டம் மோதினா மத்திய சட்டமே மேல். அதை முடிவு பண்றது நீதிமன்றம்.

ஆனா அங்கயும் பணம் பேசும். 1984-ல் குடிக்கும் வயதை 21 ஆக்கச் சொல்லி அமெரிக்க நாடாளுமன்றம் நேரடியா உத்தரவிடலை. 'ஆக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பங்கு வெட்டு'ன்னு சட்டம் போட்டது. 1988-க்குள் 50 மாநிலமும் வழிக்கு வந்துடுச்சு. பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்துப் போடாததால் சமக்ர சிக்‌ஷா நிதி 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டதா தமிழ்நாடு சொல்லி வந்ததே, அதோட இதை ஒப்பிட்டுப் பாருங்க.

மசோதாவுக்கு காலக்கெடு உண்டா?

2025 ஏப்ரல் 8-ல் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் அமர்வு, தமிழ்நாடு தொடர்ந்த வழக்கில், ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் காலக்கெடு விதிச்சது. அதே ஆண்டு நவம்பர் 20-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் அப்படிக் காலக்கெடு விதிக்க முடியாதுன்னு கருத்து சொன்னது. அதேசமயம், காரணமே இல்லாம முடிவில்லாமல் இழுத்தடிச்சா நீதிமன்றம் ஓரளவு தலையிடலாம்னும் சொன்னது. ஆக, எட்டு நாளும் சாத்தியம், மூணு வருஷமும் சாத்தியம்.

அப்போ குஜிலியம்பாறைக்காரர் என்ன செய்யணும்?

அடுத்த முறை 'மாநில அரசு ஏமாத்திடுச்சு', 'மத்திய அரசு வஞ்சிக்குது'ன்னு ஃபார்வேர்டு வந்தா, நாலு கேள்வி கேளுங்க. இது எந்தப் பட்டியல்? மசோதா இப்போ யார் மேஜையில் இருக்கு, எத்தனை நாளா? இதுக்குப் பணம் யார் கொடுக்கிறாங்க? நான் படிச்சது நடந்த செய்தியா, ஒருத்தரோட கருத்தா?

முதல் கேள்விக்குப் பதில் தெரிஞ்சாலே, எந்தக் கதவைத் தட்டணும்னு தெரிஞ்சிடும். சட்டமன்றத்தில் மசோதாவுக்கு ஓட்டு போடுறவர் உங்க வேடசந்தூர் எம்.எல்.ஏ. ஆனா நீட் சட்டத்தை மாத்தணும்னாலும் சரி, மாத்தக் கூடாதுன்னாலும் சரி, நாடாளுமன்றத்தில் உங்களுக்காக எழுந்து பேச வேண்டியவர் கரூர் எம்.பி. அவர் உங்க எம்.பி.தான்னு முதல்ல நீங்க தெரிஞ்சு வெச்சிருக்கணும்.