முதல் ஐம்பதிலேயே பலத்தைக் கொட்டிடாதீங்க!

"டாக்டரய்யா, 200 மீட்டர் ஃப்ரீஸ்டைல்ல பாதி தூரம் வரைக்கும் என் பையன்தான் முதல். மூணாவது 50-ல கை கல்லாயிடுது, கடைசியா வர்றான். தெம்புக்கு ஏதாவது லேகியம் கொடுங்க" என்றார் ஒரு தாய்.

குறை தெம்பில் இல்லை அம்மா, அதைச் செலவழிக்கும் விதத்தில்தான்!

எடுத்த எடுப்பிலேயே முழு வேகம் காட்டினால், தசையில் இருக்கும் உடனடி சக்தி சுமார் 10 விநாடியில் தீர்ந்துவிடும். பிறகு பிராணவாயு போதாமல் தசை உழைக்கும். அமிலத்தன்மை கூடிக் கை கனக்கும். தண்ணீரும் சும்மா விடாது. வேகம் இரட்டித்தால் அதன் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு!

2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் 800 மீட்டர் போட்டியைப் பாருங்கள். கடைசி 50 மீட்டருக்குத் திரும்பும்போது அமெரிக்காவின் பாபி ஃபிங்க் நாலாவது இடம். மிச்சம் பிடித்த பலத்தால் அந்தத் தூரத்தை 26.39 விநாடியில் நீந்தித் தங்கம் வென்றார்.

பையனிடம் சொன்னேன்: "தம்பி, டைவ் அடிக்கிறதால முதல் 50 தானே வேகமா போகும், அதுல முரட்டுத்தனமா உதைக்காதே. ரெண்டாவதையும் மூணாவதையும் ஒரே நேரத்துல முடிக்கப் பாரு. மூச்சை அடக்காதே. கடைசி 50-ல மிச்சத்தைக் கொட்டு. பயிற்சியில ஒவ்வொரு 50-க்கும் கடிகாரம் பார்த்துப் பழகு."

நெஞ்சுவலி, மயக்கம் வந்தால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.